இரும்புத் தண்டும் அபூர்வமும்

செய்த வினை செய்த கணத்திலேயே முடிந்து மறைந்துவிடுகிறது. அதன் பயனோ நெடுநாள் கழித்து, சில சமயம் வேறொரு பிறவியிலேயே வந்து சேருகிறது என்று நம் சாஸ்திரங்கள் கூறுகின்றன. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் அந்தப் பயன் எங்கே இருந்தது, அதைக் காத்து வைத்துக் கொடுத்தவர் யார் என்னும் வினா, வேதத்தின் கர்ம காண்டத்தை ஆராய்ந்த மீமாம்சகர்களை வெகுவாக வருத்தியிருக்கிறது. பசுக்களை விரும்புகிறவன் சித்ரா இஷ்டி என்னும் வேள்வியைச் செய்யட்டும் என்பது விதி. ஆனால் இஷ்டி முடிந்து, அக்கினி அவிந்து, ருத்விக்குகள் தட்சிணையை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்பிய பிறகும் வாசலில் ஒரு கன்றுக்குட்டிகூட வந்து நிற்கக் காணோமே என்று ஆட்சேபித்தவர்களுக்கு விடை கூறும் பொறுப்பு பாஷ்யகாரரான சபர சுவாமியின் தலைமேல் விழுந்தது. வினையினின்று அபூர்வம் என்னும், கண்ணுக்குப் புலப்படாத ஒரு சக்தி பிறக்கிறது என்றும், பயன் விளையுமளவும் அது அழியாது நின்று இரண்டையும் இணைக்கிறது என்றும் அம்மரபினர் முடிவு செய்தார்கள்.

இந்த விவகாரத்தை நம் காலத்தில் நன்றாக விளங்கிக்கொள்ள ஏற்ற இடம், புதியவர்கள் பளு தூக்கப் பழகும் உடற்பயிற்சிக் கூடம் என்பது என் எண்ணம். அங்கே ஆரம்ப மாணாக்கனுக்கு விதிக்கப்படும் முறை ஒரு கிரியா பத்ததியைப் போலச் சுருக்கமானது. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக, வாரத்தில் மூன்று நாள் வரவேண்டும்; 20 கிலோ எடையும் ஏழடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் உள்ள எஃகுத் தண்டைத் தோளின்மேல் தாங்கி, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கும் வரையில் உட்கார்ந்து எழவேண்டும்; பலகையில் மல்லாந்து படுத்து அதை மார்பிலிருந்து உயர்த்தவேண்டும், அல்லது நின்றவாறே தலைக்கு மேலே ஏந்தவேண்டும்; தரையில் கிடக்கும் பளுவைக் குனிந்து பற்றி நிமிரவேண்டும். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் என்று இன்று பிள்ளைகள் சொல்லும் இவற்றுள் முதலாவது, நம் தாத்தாக்கள் போட்ட பஸ்கிக்குப் பாரம் ஏற்றியதே அன்றி வேறில்லை. ஐந்து ஐந்தாக மூன்று செட் செய்தால் போதும். டெட்லிஃப்டுக்கு ஒரே செட். முதல் நாள் வெறுந்தண்டு. அடுத்த முறை பக்கத்துக்கு ஒன்றாக ஒன்றேகால் கிலோ வட்டுகள் இரண்டு, ஆகமொத்தம் 2.5 கிலோ கூடுதல். அதற்கடுத்த முறை இன்னும் 2.5 கிலோ. டெக்சாஸ் மாநிலத்து விசிட்டா ஃபால்ஸ் என்னும் ஊரில் பயிற்சிக்கூடம் நடத்திய மார்க் ரிப்பட்டோ 2005-இல் வெளியிட்ட நூலால் இம்முறை உலகெங்கும் பரவிற்று எனினும், பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே வைத்தியம் என்று அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, யுத்தத்தில் காயமுற்ற சிப்பாய்களின் நலிந்த கால்களைக்கொண்டு நிரூபித்துக் காட்டியவர் தாமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க ராணுவ மருத்துவர். ஓய்வே மருந்து என்றிருந்த நாளில், 1945-இல், அவர் அதைப் பிரசுரித்தார்.

இதில் நான் கவனிக்க விரும்புவது ஒன்று உண்டு. திங்கட்கிழமை பளு தூக்கியவன் அன்று கூடத்தை விட்டு வெளியேறும்போது, உள்ளே நுழைந்தபோது இருந்ததைக் காட்டிலும் பலம் குன்றியவனாகவே வெளியேறுகிறான். படியிறங்கத் தொடை நடுங்குகிறது. தண்ணீர்க் குவளையைப் பிடித்த கை ஆடுகிறது. வினை முடிந்தது, பயனோ இல்லை, இருந்த பலமும் குறைந்திருக்கிறது. ஆயினும் புதன்கிழமை அவன் திரும்பி வரும்போது, திங்களன்று இல்லாத ஒரு வலிமை, அவன் கேளாமலும் அறியாமலும் அவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

கூடமொன்றில் நான் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தபோது, மூன்றாவது செட்டின் ஐந்தாவதை வெகு சுளுவாக முடித்துவிட்ட ஓர் இளைஞன், தண்டைத் தாங்கியில் வைக்க மனமின்றி அப்படியே நின்றான்.

“போதும் தம்பி, வெச்சிடு” என்றார் மாஸ்டர்.

“இன்னும் ரெண்டு மூணு வரும் மாஸ்டர்.”

“வரும்னு எனக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கு. மிச்சத்தைப் புதன்கிழமை பாத்துக்கலாம்.”

அவன் வைத்துவிட்டு நகர்ந்தான். தண்டின் சொரசொரப்பு அவன் பிடரிக்குக் கீழே சிவந்த வரியாகப் பதிந்திருந்தது. கண்ணாடியின் முன் சென்று, புஜத்தை மடக்கி, அரை மணி நேரத்துக்குள் ஏதேனும் விளைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். இஷ்டி முடிந்ததும் வாசலை எட்டிப் பார்க்கும் யஜமானனும் அப்படித்தான் பார்த்திருப்பான். வினையில்தான் உனக்கு அதிகாரம், பயனில் இல்லை என்ற கீதையின் பிரசித்தமான வாக்கியத்தை நாம் பெரும்பாலும் அடைவதற்கரிய ஓர் உயர்ந்த ஒழுக்கமாகவே எண்ணி வணங்கி வருகிறோம். இங்கோ அது ஒழுக்கமாக இல்லாமல் வெறும் நிலைமையின் வருணனையாக நிற்கிறது. தூக்குவது அவன் கையில் இருக்கிறது, வளர்வது இல்லை. ஆறாவதையும் ஏழாவதையும் தூக்கிப் பயனைக் கையோடு பறித்துக்கொண்டு போகலாம் என்று முயல்பவன், புதன்கிழமைக்குரியதையும் சேர்த்தே கெடுத்துக்கொள்கிறான்.

இந்த இடைவெளியில் நிகழ்வது இன்னதென்று இன்றைய சரீர சாஸ்திரிகள் ஓரளவு சொல்லிவிட்டார்கள். முதற்சில வாரங்களில் கூடும் பலம் பெரும்பாலும் நரம்புகள் கற்றுக்கொண்ட பாடம் என்றும், தசையின் பருமன் அதற்குப் பின்னரே மெல்லக் கூடுகிறது என்றும், பயிற்சிக்குப் பின் ஓரிரு நாள் வரையில் தசை தன் புரதத்தை வழக்கத்தினும் விரைவாகக் கட்டிக்கொள்கிறது என்றும் அவர்கள் கூறுகிறார்கள். ஆகவே, மீமாம்சகர் அனுமானித்த அபூர்வத்துக்கு இந்த ஒரு விஷயத்திலேனும் ஊரும் தெருவும் கண்டுபிடித்தாயிற்று என்று சொல்லலாம். இதைக் கேட்டு, மீமாம்சா சூத்திரம் செய்த ஜைமினி மகிழ்ந்திருப்பார். பயனைத் தருவது வினையே என்பதும், நடுவில் ஒருவர் அமர்ந்து அளந்து கொடுக்க வேண்டுவதில்லை என்பதும் அவர் கொள்கை. அக்கொள்கையை எடுத்துக் கூறிய பின்னர் மறுத்து, பயன் ஈசுவரனிடமிருந்தே வருகிறது என்றார் பிரம்ம சூத்திரம் செய்த பாதராயணர். வினை சடம், அது தானே வந்து தன்னைச் செய்தவனை அடையாளம் கண்டு பற்றாது என்று நம் சைவ சித்தாந்திகளும் அதையே வற்புறுத்தினார்கள்.

பயிற்சியாளர்கள் எல்லாரும் தம்மை அறியாத ஜைமினி மதத்தினர். தண்டு எழவில்லை என்று எவனாவது வந்து நின்றால், அவர்கள் தெய்வத்தை நோக்குவதில்லை. எத்தனை மணி நேரம் தூங்கினாய், என்ன சாப்பிட்டாய், மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினாயா, குதிகால் தரையில் பதிந்திருந்ததா என்று கேட்கிறார்கள். மழை வேண்டிச் செய்த காரீரி இஷ்டிக்கு மழை பெய்யாவிட்டால், கிரியையின் அங்கங்களில் எது குறைந்தது என்று தேடிய வைதிகர்கள் கேட்ட கேள்விகள்தாம் இவை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. உறங்காமல் கண்விழித்துவிட்டு, எல்லாம் ஈசன் செயல் என்று பெருமூச்செறியும் பக்தியைக் காட்டிலும் அது யோக்கியமானது.

ஆனாலும் வட்டே பலத்துக்குக் காரணம் என்று நான் ஒப்பமாட்டேன். வாரத்துக்கு மூன்று முறை 2.5 கிலோவாகக் கூட்டிக்கொண்டே போனால் ஆண்டுக்கு 390 கிலோ கூடவேண்டும். எந்த மனிதனுக்கும் அப்படிக் கூடுவதில்லை. சில மாதங்களுக்குள், விதி மாறாமலிருக்க விளைவு மட்டும் குறைந்து நின்றுபோகிறது. பிரபத்தி என்னும் சரணாகதி மோட்சத்துக்குக் காரணம் அன்று, பகவானுடைய கருணைக்கு ஒரு வியாஜம், அதாவது ஒரு சாக்கு மாத்திரமே என்று வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. அந்தச் சாக்குக்கூட வேண்டாம் என்றது தென்கலையார் கட்சி. பளு விஷயத்தில் அவர்கள் சொல்வது செல்லாது, தூக்காதவனுக்கு ஒன்றும் வருவதில்லை. தூக்கியவனுக்கு வருவதோ, ஒன்றேகால் கிலோ வட்டு இரண்டைச் சாக்கிட்டுக் கொடுக்கப்பட்டதே தவிர, அவை ஈன்றது அன்று. கொடுக்கும் உடம்பு அவன் செய்துகொண்டதும் அன்று.

கொடுப்பது என்று சொல்லிவிட்டால் உடனே ஒரு சங்கடம் எழுகிறது. ஒரே நாளில் தொடங்கி, ஒரே முறையில் பழகி, ஒரே மெஸ்ஸில் உண்ணும் இருவருள் ஒருவன் 100 கிலோவைத் தாங்கி எழ, மற்றவன் 70-இல் தயங்கி நிற்பதை எந்தக் கூடத்திலும் காணலாம். ஈசுவரனுக்குப் பட்சபாதமும் இரக்கமின்மையும் சம்பவிக்குமே என்னும் ஆட்சேபத்தைப் பாதராயணரே எடுத்துக்கொண்டு, அவன் ஜீவர்களின் பூர்வ கர்மத்தை நோக்கியே அளிக்கிறான் என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த மெலிந்த பையனின் எதிரே நின்று, இது உன் முற்பிறவிப் பலன் என்று கூற எனக்கு நா எழாது. மாஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. தொடர்ந்து மூன்று முறை தவறியவனிடம் 80-ஐ 72.5 ஆகக் குறைத்துக்கொண்டு மறுபடி ஏறி வரச் சொல்கிறார். அவனவன் நோட்டுப் புத்தகத்தில் அவனவன் கணக்கு மாத்திரமே இருப்பதால், அடுத்தவன் கணக்குக்கு அவர் விடை கூற வேண்டியதில்லை. ஈசுவரனை நம்புகிறவர்கள் எல்லா நோட்டுப் புத்தகங்களையும் ஒருசேர விரித்து வைத்துக்கொண்டு விடை கூறவேண்டியிருக்கிறது. நானும் அவர்களுள் ஒருவன்தான் என்றாலும், பாதராயணருடைய சமாதானம் எனக்கு இன்னும் முழுத் திருப்தி அளிக்கவில்லை.