பெருநூல் பயில்வார் உள்ளம்

சைவ மடமொன்றில் மாலைப்பொழுதில் நூற்பாடம் நிகழுங்கால், எழுபதாண்டு கடந்த அன்பர் ஒருவர் எழுந்து நின்று வினாவொன்று நிகழ்த்தினார். "சுவாமி, சிவஞான மாபாடியத்தை முறையாகக் கேட்கவேண்டுமென்னும் விருப்பம் அடியேனுக்கு நெடுநாளாக உண்டு. குடும்பக் கடமைகளால் இதுகாறும் கைகூடவில்லை. இனித் தொடங்கினால் முடிவு காண்பேன் என்னும் துணிவு இல்லை. முடியாதென்று அறிந்துவைத்தும் ஒரு பெருநூலைத் தொடங்குதல் தகுமோ? இடையில் நின்றுபோனால் அது குற்றமாகாதோ?" என்றார். பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த தம்பிரான் சுவாமிகள் உடனே விடை பகர்ந்திலர். "நாளை பேசுவோம்" என்று அன்றைய பாடத்தைத் தொடர்ந்தார்.

வினா எளியதுபோலத் தோன்றும். ஆயினும் பெருநூல்களை எதிர்ப்படுவார் உள்ளத்தில் நிகழ்வனவற்றை ஆராயாது இதற்கு விடை கூறல் இயலாது.

பெருநூலொன்றைக் கண்டவழி முதற்கண் எழுவது அச்சம். அடுத்து, தொடங்கிய சின்னாட்கள்வரை ஓர் எழுச்சி. பின்னர்ச் சோர்வு வருகின்றது. வந்தமைக்கு அடையாளம், படிப்பவர் எஞ்சிய ஏடுகளை விரலால் அளந்து பார்க்கத் தொடங்குதலேயாம். அளக்கத் தொடங்கிய கண் வரியின்மேல் நில்லாது. சில நாளில் அடையாளத்திற்கு வைத்த மயிலிறகோ நூலோ வைத்த இடத்திலேயே தங்க, புத்தகம் அலமாரியை அடைகின்றது. அதன்பின் ஆண்டுதோறும் கலைமகள் பூசையன்று சந்தனமும் குங்குமமும் பெறுதல் ஒன்றே அதற்கு வாய்க்கும் பேறு. பெரிய புராணம் படித்ததுண்டோ என்று யாரேனும் கேட்பின், படித்தேன் எனவும் இல்லை எனவும் கூறமாட்டாது, "பார்த்திருக்கிறேன்" என்று கூறும் அன்பர் பலர். அவர் கூற்றில் பொய்யில்லை. ஆயினும் ஒரு நாணம் உண்டு.

முழுதும் படித்து முடித்தார் நிலையோ வேறு. அவருட் சிலர்க்கு மிஞ்சுவது எண்ணிக்கை: இத்தனை பாடல், இத்தனை நாள், இத்தனை முறை. வேறு சிலர்க்கு மிஞ்சுவது, தலயாத்திரை சென்று மீண்டவர் தம் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தபோது உறுவதையொத்த ஒரு வெறுமை. இவ்விருவரும் ஒரே நூலைப் படித்தவராயினும் ஒன்றையே பெற்றவரல்லர்.

நூலின் நீட்சி என்பது யாதென்பதற்கு, அடியார் வரலாறே தக்க சான்றாம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவாரூரில் அருளிய திருத்தொண்டத்தொகை 11 திருப்பாடல்களை உடையது. நம்பியாண்டார் நம்பிகள் அதனை வகுத்து ஏறத்தாழ 90 பாடல்களில் திருவந்தாதியாக்கினார். சேக்கிழார் பெருமான் அதனை விரித்து இரண்டு காண்டமும் 13 சருக்கமும் உடைய புராணமாக்கினார். அதன் பாடற்றொகை 4,253 எனச் சேக்கிழார் புராணம் கூற, இக்காலப் பதிப்புக்கள் 4,286 எனக் காட்டும். தொகை, வகை, விரி என மூன்று அளவினும் பொருள் ஒன்றே. அநபாய சோழ மன்னன் தொகையையும் வகையையும் சேக்கிழார் வாயிலாகக் கேட்டறிந்த பின்னரே விரித்துரைக்க வேண்டினன் என்பது வரலாறு. அஃதாவது, சுருக்கத்தை அறிந்தவன் அச்சுருக்கத்தாலேயே விரிவின்மேல் வேட்கை கொண்டான். இக்காலத்தார் செய்வது இதன் மறுதலை; விரிவைக் கண்டு அஞ்சிச் சுருக்கத்தைத் தேடுகின்றனர். தில்லையில் அரங்கேற்றம் சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது என்பர். ஓராண்டு இருந்து கேட்டவன் நாடாளும் கடமை உடையவன் என்பதை, பொழுதில்லை என்று கூறுவார் சிறிது நினைத்தல் நன்று.

பெரிய புராணத்தைத் தொடங்கியவருட் பெரும்பாலார் எங்கே நிற்கின்றனர் எனின், திருஞானசம்பந்த சுவாமிகள் புராணத்தில் என்க. அது 1,256 திருவிருத்தங்களால் ஆயது. முழுநூலில் கால்பங்கினும் மிக்கது. பத்துப் பாடலுக்குள் நிறைவெய்தும் அடியார் வரலாறுகளும் உள்ள நூலில் இஃது ஒன்று இத்துணை நீண்டது எற்றுக்கு? வாழ்ந்த ஆண்டுகளின் மிகுதியால் அன்று. அப்பர் சுவாமிகள் 81 ஆண்டும், ஆளுடைய பிள்ளையார் 16 ஆண்டும் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்தனர் என்பது மரபு. அப்பர் புராணமோ 429 பாடலே. பிள்ளையார் தலந்தோறும் சென்றார். தந்தையார் தோளின்மேல் சென்றார். திருஅரத்துறையில் முத்துச்சிவிகை பெற்று அதன்மேல் சென்றார். சென்ற தலந்தோறும் பதிகம் பாடினார். சேக்கிழார் அவருடன் ஒவ்வொரு தலத்திற்கும் செல்கின்றார். ஒன்றையேனும் விடுத்துச் செல்ல அவர்க்கு மனம் ஒருப்படவில்லை. ஊர் ஊராகத் தொடரும் இப்பகுதியில் படிப்பவர்க்கு இளைப்புத் தோன்றுவது மெய்யே. ஆனால் அவ்விளைப்பு நூலின் குறையால் வந்ததன்று, வழிநடையால் வந்தது. நடவாமல் திருக்கோயிலை மாத்திரம் காணவேண்டுமென்பார்க்கு வழி நீண்டதாகவே இருக்கும்.

அங்கே நின்றுவிட்டவர் இழப்பன பல. அடுத்து வரும் ஏயர்கோன் கலிக்காமர் புராணத்தில்தான் நம்பியாரூரர் சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்ததும், வழிநெடுகப் பாடி மீண்டும் கண்பெற்றதும் கூறப்படுகின்றன. நூலின் தொடக்கத்தில் கயிலையினின்றும் இறங்கிய அவர் வரலாறு தடுத்தாட்கொண்ட புராணத்தில் தொடங்கி, இடையிடையே மறைந்தும் தோன்றியும் சென்று, வெள்ளானைச் சருக்கத்தில் மீண்டும் கயிலையை அடைகின்றது. ஒவ்வொரு சருக்கத்தின் ஈற்றிலும் சேக்கிழார் அவரை ஒருமுறை நினைவூட்டி வணங்குகின்றார். நீண்ட ஆற்றுக்கு இடையிடையே அமைத்த படித்துறை போல்வது இது. தனித்தனி அடியார் வரலாறாகப் பிரித்துச் சுருக்கத்திற் படிப்பார்க்கு இவ்வொரு நாயகரின் போக்கும் மீட்சியும் கண்ணிற்படுதல் அரிது. இதனாற் சுருக்கநூல்களை இகழ்ந்ததாகக் கொள்ளற்க. கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியாரே திருத்தொண்டர் புராணசாரம் செய்தருளினார். நல்லூர் ஆறுமுக நாவலர் புராணத்தை வசனமாக்கி 1852இல் வெளியிட்டார். அதனால் புராணத்தை அடைந்தார் எண்ணற்றவர். வாயில் வீட்டுக்குள் செல்லுதற்கே அமைந்தது. வாயிலிலேயே பாய்விரித்துப் படுத்துக்கொள்வார் செயலுக்கு வாயில் கட்டினவர் என் செய்வார்?

அற்றேல், நீண்டதெல்லாம் நன்றோ எனின், அற்றன்று. பவணந்தி முனிவர் நூற்கு அழகு கூறப் புகுந்து சுருக்கத்தையே முதலில் நிறுத்தினார். குற்றங்கூறும் இடத்திலோ குறைபடக் கூறுதலை முதலிலும், மிகையாகக் கூறுதலை அதனை அடுத்தும் வைத்தார். இரண்டும் குற்றமேயாம், ஆயின் குறை முன்னர் நின்றது கருதத்தக்கது. பொருள் வேண்டும் அளவினும் குறைந்த நூல் கற்பவனை ஏமாற்றும். மிகுந்த நூல் அவனைக் களைப்பிக்கும் அளவே செய்யும். பெரும் புராணங்களிலும் களைப்பிக்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. கந்தபுராணம் 10,000 பாடலுக்கு மேற்பட்டது. அதன் யுத்தகாண்டத்தில் ஒருவர் விட்ட கணையும் மற்றவர் தடுத்த கணையுமாக மாறிமாறிச் செல்லும் இடங்களில் தனித்திருந்து படிப்பார் கண்ணயர்ந்தால் அவரைப் பெரிதும் குறைகூறல் வேண்டா.

தனித்திருந்து என்றது ஈண்டு நோக்கற்பாலது. யாழ்ப்பாணத்துத் திருக்கோயில்களில் அதே கந்தபுராணம் படனமாக நிகழ்ந்து வந்துளது. ஒருவர் பாடலைப் பண்ணோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்லுவார். ஊரவர் இருந்து கேட்பர். அங்கே எஞ்சிய ஏட்டை அளப்பார் எவருமிலர். அளந்தாலும் பயனில்லை, நாளைக்கு உரியது நாளையே வாசிக்கப்படும். வாசிப்பவர் நோயுற்றால் வேறொருவர் அமர்ந்து வாசிப்பார். ஓரிரு நாள் வாராதவர் மறுநாள் வந்து அமர்ந்து கொள்வார். நூல் அவருக்காகப் பின்னிடுவதுமில்லை, அவரை விலக்குவதுமில்லை. பெருநூலின் சுமை தனியொருவன் தலையில் ஏறியபொழுதே அது சுமையாயிற்று. முற்காலத்துத் தமிழ்ப் பெருநூல்களிற் பல இவ்வாறு கூட்டத்தில் கேட்கப்படுவனவாகவே வழங்கின. ஆகலான் அவற்றின் நீட்சியை இக்காலத்துத் தனிப்படிப்பின் பொறுமையைக்கொண்டு அளப்பது, தேரை ஒருவன் இழுக்கும் வலிகொண்டு அளப்பதனை ஒக்கும்.

இனி மாபாடியத்திற்கு வருவோம். மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களையே உடையது, அடியளவில் 40. உள்ளங்கையில் எழுதி அடக்கிவிடலாம் போன்ற அந்நூற்கு மாதவச் சிவஞான யோகிகள் சிற்றுரை ஒன்றும் மாபாடியம் ஒன்றும் செய்தருளினார். யோகிகள் 1785இல் சிவபரிபூரணம் எய்தினார். மாபாடியமோ நெடுங்காலம் ஏட்டளவில் நின்று 20ஆம் நூற்றாண்டிலேயே முற்றும் அச்சேறிற்று. சூத்திரத்தின் பொருளை அறிய விழைவார்க்குச் சிற்றுரை அமையும். அங்ஙனமாக, அதே ஆசிரியர் மீண்டும் இத்துணைப் பெரியதோர் உரை செய்தது என்னை? சூத்திரத்தில் இல்லாத ஒன்றைக் கூறுதற்கு அன்று. கற்பவன் உள்ளத்தில் உள்ள ஐயங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளிக்கொணர்ந்து நிறுத்தி, பிறமதத்தார் கூற்றை அவர்தம் வலியோடு நிகழ்த்தி, வேதாகமங்களோடு இயைத்துத் தீர்த்தற்பொருட்டே. ஆகவே 40 அடிக்கும் மாபாடியத்திற்கும் இடையே உள்ள அத்தனை ஏடுகளும் கற்பவனுடைய ஐயத்தின் அளவேயாம். ஐயமற்றான் ஒருவன் உளனாயின் அவனுக்குச் சூத்திரமே மிகை.

அங்ஙனமாயின் பெருநூல் மந்த மதியினர்க்கே உரியதோ எனின், அதுவும் பொருந்தாது. கூரிய அறிவினர்க்கு ஐயம் இல்லை என்பது பொதுவாக நிலவும் ஒரு பிழைக்கருத்து. அவர் ஐயங்கள் நுண்ணியன. நுண்ணியன ஆகலான் அவர்க்கே புலப்படாமல் உள்ளே கிடப்பன. மாபாடியத்தை வாசித்துச் செல்லும்போது, தாம் வாய்திறந்து கேளாத ஒன்றை ஆசிரியர் தாமே எழுப்பி விடையும் இறுத்தல் கண்டு திடுக்கிடாதார் இலர். அத்திடுக்கீட்டைச் சுருக்கநூல் எக்காலத்தும் தரமாட்டாது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என ஞானநெறிக்கு நான்கு படி வகுத்தனர் முன்னோர். சிறுநூல் ஒருமுறை கேட்ட அளவில் முடிந்துவிடுகின்றது. சிந்தித்தலுக்கு வேண்டும் காலத்தைக் கற்பவன் தானே தேடிக்கொள்ளவேண்டும். பெருநூலோ அக்காலத்தைத் தன் உடம்பாகவே கொண்டுள்ளது. விரைவாகச் செல்ல விரும்புவான் அதனைப் பகையாக நினைப்பது இதனாலேயே.

முடித்துவிட வேண்டும் என்னும் வேட்கையின் வேர் இங்குப் புலனாகின்றது. நூலை முடித்தேன் என்பான் கூற்றில் 'யான்' உண்டு. என் நூல், என் படிப்பு என்பதில் 'எனது' உண்டு. நிலம் வாங்கி எல்லைக்கல் நடுவதுபோல ஏட்டின் இறுதியில் தன் கல்லை நட்டு மீளும் கருத்து அது. சித்தாந்த நூலைப் படிக்கையிலும் ஆணவம் இங்ஙனம் ஏட்டின் ஓரத்தில் ஒளிந்து உடன்வருகின்றது. மற்று, முடியாமற் போமோ என அஞ்சித் தொடங்காதிருத்தல் பணிவுபோலத் தோன்றினும், அதுவும் அக்கருத்தின் மறுபுறமே. இரண்டினும் நோக்கம் பொருளின்மேலன்றி முடிவின்மேலேயே நிற்கின்றது.

ஒருகால் முடித்தல் முடிவாகாது என்பதற்கும் நன்னூலாரே சான்று. ஒரு நூலை இருமுறை கேட்டான் அதன்கண் பெரிதும் பிழைபடான் எனவும், மும்முறை கேட்டபின்னரே முறையறிந்து பிறர்க்கு உரைக்க வல்லனாவான் எனவும் அவர் விதித்தார். இவ்விதிப்படி நோக்கின், மாபாடியத்தை ஒருமுறை கடைபோகப் படித்தவரும் முடித்தவரல்லர். முதற் சூத்திரத்தை மும்முறை கேட்டார் ஒருவர் உளராயின் அவர் அந்த அளவில் முடித்தவரே. ஒரு பிறப்பிற் கற்ற கல்வி எழுபிறப்பிற்கும் துணையாம் என்ற வள்ளுவனாரும் முற்றக் கற்றது என்று வரையறுத்திலர். வினைவழி உடல் நீங்குங்கால் ஏட்டில் வைத்த அடையாளம் எங்கே நின்றது என்பதைக் கூற்றுவன் வினவப்போவதில்லை. உயிரின்கண் பதிந்து நின்ற பக்குவமே உடன்செல்வது. அப்பக்குவம் நூறாவது ஏட்டிலும் நிகழலாம், பத்தாவது ஏட்டிலும் நிகழலாம்.

மறுநாள் மாலை தம்பிரான் சுவாமிகள் இவற்றுட் சிலவற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, "நாளை நல்லநாள், சுவடி பார்க்கலாம்" என்றார். அன்பருக்குக் கண்ணொளி குன்றியிருந்தமையின், மடத்திற் பயிலும் இளைஞன் ஒருவன் வாசிக்க, சுவாமிகள் பொருள் கூற, பாடம் தொடங்கிற்று. சிறப்புப்பாயிரத்தின் உரைக்கே பல நாள் சென்றன. முதற் சூத்திரத்தின் உரை ஒருவாறு நிறைவெய்திய அன்று, இரண்டாஞ் சூத்திரத்திற்கு ஏடு புரட்டிய இளைஞனை அம்முதியவர் கையமர்த்தி, "தம்பி, இதனையே முதலிலிருந்து இன்னொருமுறை வாசி" என்றார். இளைஞன் எஞ்சிய ஏடுகளை விரலால் அளந்து பார்த்துச் சிறிது முகம் வாடினான்.