ஒத்தையில நின்னு

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பீடித் தட்டு இல்லாத தெருவை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். மடியில் தட்டு, அதில் வெட்டிய இலையும் தூளும், விரலில் நூல். தாமிரபரணிப் பாசனத்தில் நடவும் அறுப்பும் சில மாதங்களுக்குத்தான்; பீடி வருசம் முழுக்க உண்டு. உலையை வைத்துவிட்டும் சுற்றலாம், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டும் சுற்றலாம். கணவனை இழந்தவளும், கணவன் விட்டுப் போனவளும் அந்தத் தட்டைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பீடியை வாங்கும் கடையில் சிலவற்றைக் கழித்துப் போட்டால் அதுவும் குறையும். தூள் நெடி நெஞ்சை அரிப்பதற்குக் கூலி கிடையாது.

அப்படி வளர்ந்த பிள்ளைகள் நர்சாக, ஆசிரியராக வந்து நிற்கும்போது, "ஒத்தையில நின்னு ஆளாக்கிட்டா" என்று ஊர் மெச்சும். அவள் வைராக்கியத்தை நானும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தப் பாராட்டில் பலரை மறந்துவிடுகிறோம். "புள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ கடைக்குப் போயிட்டு வாட்டி" என்ற அடுத்த வீட்டு ஆச்சி இருந்தாள். பள்ளியில் 1982 முதல் சத்துணவு இருந்தது. பீடித் தொழிலாளி என்ற பதிவு இருந்தால் பிள்ளைக்கு மத்திய அரசின் உதவித்தொகை உண்டு. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய். 2022 முதல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். வைராக்கியம் மட்டும் பீஸ் கட்டாது.

கைவிடப்பட்டவள் பாடுதான் பெரும்பாடு. விதவைக்கு இறப்புச் சான்று என்று ஒரு தாளாவது இருக்கிறது. அவளுக்கான ஓய்வூதியமும் தமிழ்நாட்டில் 1975-லேயே வந்துவிட்டது. வேலைக்கென்று வெளியூர் போனவன் திரும்பவே இல்லையென்றால் இவள் எதைக் காட்டுவாள்? விவாகரத்தோ, பிரிந்து வாழ்வதாகக் கோர்ட்டு தந்த சான்றோ இல்லாதவள் ஐந்து ஆண்டு பிரிந்திருக்க வேண்டும் என்கிறது கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை விதி; வயதும் 30 ஆகியிருக்க வேண்டும். அதற்குள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பை முடித்துவிடும். கோர்ட்டுக்கு அலைந்தால் அன்றைக்குப் பீடி சுற்ற முடியாது.

அந்த ஐந்தாண்டை ஓராண்டாக்க வேண்டும், வயது வரம்பையும் எடுக்க வேண்டும். அவன் எப்போது போனான் என்பது தெருவுக்கே தெரியும்; கிராம நிர்வாக அலுவலர் விசாரித்தால் போதும். அதுவரை, உங்கள் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தால், அந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அவளோடு இ-சேவை மையம் வரைக்கும் போய் வாருங்கள்.