பசியும் பழியும்

அளவறிந்து உண்ண வேண்டும் என்பது முன்னோர் வழிவழியாகக் கூறிவந்த அறிவுரையாகும். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரமும் இதனையே வலியுறுத்துகின்றது. ஆயின், அளவு மீறி உண்பவரைப் பெருந்தீனிக்காரர் என்று இகழ்வது அறமாகுமா என்பது சிந்தித்தற்குரியது.

1997ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகர மருத்துவ ஆய்வாளர்கள், உறவினரான இரு பிள்ளைகளைப் பற்றி அறிவித்தனர். எட்டு வயதுச் சிறுமியின் நிறை 86 கிலோகிராம். இரண்டு வயதுச் சிறுவனின் நிறை 29 கிலோகிராம். எவ்வளவு உண்டாலும் அவர்களின் பசி அடங்கவில்லை.

உடலிலுள்ள கொழுப்பு 'லெப்ரின்' என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. இது 1994இல் கண்டறியப்பட்டது. குருதி வழியே மூளையின் ஐப்போதலமசு என்னும் சிறு பகுதியை அடைந்து, 'சேமிப்புப் போதியளவு உண்டு' என்று அது தெரிவிக்கின்றது. பரம்பரையலகுக் குறைபாட்டால் அப்பிள்ளைகளின் உடலில் இந்த ஓமோன் இருக்கவில்லை. உடல் பருத்திருந்தும், மூளை பட்டினி என்றே எண்ணியது. பின்னர் அச்சிறுமிக்கு நாள்தோறும் லெப்ரின் ஊசி மூலம் ஏற்றப்பட்டது. பசி தணிந்தது, ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோகிராம் நிறை குறைந்தது. பேராசை எனத் தோன்றியது உண்மையில் ஒரு நோயே. ஏச்சும் பேச்சும் அதனைத் தீர்த்திருக்க மாட்டா.

அவ்வாறாயின் உணவில் கட்டுப்பாடு வேண்டியதில்லையா? அப்படிக் கொள்வதும் தவறு. இக்குறைபாடு மிக அரிதானது. மேலும், பசியில் பழக்கத்துக்கும் பங்குண்டு. இரைப்பை சுரக்கும் 'கிரெலின்' என்னும் ஓமோன், வழமையாக உண்ணும் வேளையில் கூடிப் பசியைத் தூண்டுகின்றது. அவ்வேளையில் உண்ணாது விட்டாலும் சிறிது நேரத்தில் குறைகின்றது. நண்பகலில் எழும் பசி சற்றுப் பொறுக்கத் தணிவதை விரதமிருப்போர் அனுபவத்தில் அறிவர். பழக்கத்தால் வந்ததை ஓரளவு பழக்கத்தால் திருத்தலாம்.

எனினும், ஒருவரின் பசியை மற்றொருவர் அளந்தறிய முடியாது. எளிதாகக் கையை எடுப்பவர் பெரும் தவசி என்பதுமில்லை. அவரது மூளை அவருக்கு விரைவில் 'போதும்' என்று சொல்லியிருக்கலாம். எனவே அளவு என்பது தன்னைத் தான் திருத்தும் ஒழுக்கமேயன்றி, பிறரை அடிக்கும் பிரம்பு அன்று. அன்னதானப் பந்தியில் மறுமுறையும் சோறு கேட்கும் பிள்ளைக்கு முகஞ்சுளியாது பரிமாறுவதும், தன் இலையில் அளவோடு இடுவித்துக்கொள்வதும் ஒரே அறத்தின் இரு பக்கங்களாகும்.