கணித்து ஆடினால் சூதாகாதா?

கண்ணை மூடிக்கொண்டு பணம் வைப்பதுதான் சூது. ஆராய்ந்து, கணக்கிட்டு, தேர்ந்து வைப்பது சூதாகாது என்று வாதிடுவோர் உளர். குதிரைப் பந்தயத்தைப் பற்றிய பேச்சில் இவ்வாதம் மிகுந்த வலிமையுடன் எழுகிறது. தாயக்கட்டையை உருட்டுபவன் அறிந்திருக்க வேண்டியது ஒன்றுமில்லை. குதிரைமீது பணம் வைப்பவன் அறிய வேண்டியவையோ ஏராளம். அறிவு கலந்துவிட்டால் பந்தயம் சூதின் இழிவிலிருந்து நீங்கிவிடுமா? இவ்வினாவை நடுநிலையோடு ஆராய்வோம்.

குதிரையோட்டம் இழிவானதன்று என்பதை முதற்கண் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைகளை ஓடவிட்டதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பயிற்சியால் உடல் இறுகிய குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பயிற்சி பெறாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையுள்ள குறைந்த தூரத்தையே ஓடின. தகுதியறிந்து தூரத்தைப் பகுக்கும் முறை அன்றே இருந்தது. குதிரைகளின் குலமரபை ஆராய்ந்து இப்னுல் கல்பீ தனி நூலே எழுதினார். இன்று உலகெங்கும் பந்தயத்தில் ஓடும் உயர்சாதிக் குதிரைகளின் தந்தைவழி, இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட மூன்று கீழ்த்திசை ஆண்குதிரைகளிடம் சென்று முடிகிறது; அவற்றுள் இரண்டு, டார்லி அரேபியன், கோடால்ஃபின் அரேபியன் என அரபு நாட்டின் பெயராலேயே வழங்குகின்றன. பாண்டிய நாட்டுக் காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்தார். ஆகவே குதிரையறிவு நமக்கு அயலானதன்று.

இனிப் பந்தய நாளின் கணிப்பு எத்தகையது என்று காண்போம். ரேஸ் புத்தகத்தை விரித்து அமர்பவர் ஒவ்வொரு குதிரையும் சென்ற பந்தயங்களில் எத்தனையாவதாக வந்தது என்று முதலில் பார்க்கிறார். எத்தனை மீட்டர் ஓட்டம், 1200இல் வென்ற குதிரை 2000இல் மூச்சு வாங்குமா, முன்னர் எத்தனை கிலோ சுமந்தது, இன்று எத்தனை, தரை காய்ந்திருக்கிறதா ஈரமாய் இருக்கிறதா, ஜாக்கி யார், பயிற்சியாளர் யார், விடியற்காலைப் பயிற்சியில் எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு என்றெல்லாம் ஆராய்கிறார். இதில் அறிவில்லை என்று நாம் கூறமாட்டோம். நினைவாற்றலும் ஒப்புநோக்கும் பொறுமையும் இதற்கு வேண்டும். மாணவன் ஒருவன் தன் பாடத்தில் இவ்வளவு உழைப்பானாயின் ஆசிரியர் மகிழ்வார்.

ஆயினும் அவ்வறிவுக்கு எதிராகப் பந்தய அமைப்பே ஒரு வேலியை எழுப்பியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ஹாண்டிகேப் பந்தயங்களில், நன்கு ஓடிய குதிரையின் முதுகில் சுமை கூட்டப்படுகிறது, பின்தங்கியதற்குக் குறைக்கப்படுகிறது. எல்லாக் குதிரைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே எல்லையைத் தொடவேண்டும் என்பதே சுமை விதிப்பவரின் நோக்கம். பழைய ஓட்டங்களிலிருந்து ஆட்டக்காரர் கண்டறிய முயலும் வேறுபாட்டைத்தான் அவர் முன்கூட்டியே சமன் செய்கிறார். அதற்கும் மேலாக, குதிரை உயிருள்ள விலங்கு, எண்களின் அட்டவணையன்று. நபியவர்களின் அள்பா என்னும் ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புற அரபியொருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்தது எதையும் இறைவன் தாழ்த்தாமல் விடுவதில்லை என்னும் கருத்தில் பெருமானார் விடை பகர்ந்தார்கள். தோல்வியே அறியாத ஒட்டகத்திற்கே இந்நிலை என்றால், சென்ற மாத ஓட்டத்தை வைத்து இன்றைய ஓட்டத்தை அறுதியிடுவது எங்ஙனம்?

அறிவு முற்றுப்பெறாது என்பதனால் மட்டும் ஒரு செயல் சூதாகிவிடாது. உழவனும் மழையை முற்றாக அறியான். எனவே வாதத்தின் மறுபக்கத்தையும் நோக்குவோம். 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்மேல் எழுந்த வழக்கில் 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றும், அதன்மீது பணம் வைப்பது சட்டத்தின் பொருளில் சூதாட்டமாகாது என்றும் தீர்ப்பளித்தது. அரசு எதைத் தண்டிக்கலாம் என்ற வினாவுக்கு அது விடை. மனிதன் எதைச் செய்யத்தகும் என்பது வேறு வினா.

அவ்வேறு வினாவுக்கு ஃபிக்ஹு நூல்கள் தரும் விடை நுட்பமானது. ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றின் போட்டிகளுக்கே பரிசுப்பொருளை நபிமொழி அனுமதிக்கிறது. ஆட்சியாளரோ மூன்றாமவரோ பரிசளிக்கலாம். போட்டியிடும் இருவரில் ஒருவர் மட்டும் பொருள் வைக்கலாம். இருவரும் வைத்து வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வது, பொருள் வைக்காத மூன்றாம் போட்டியாளர் ஒருவர் இடையில் சேர்ந்தாலன்றி, கிமார் எனும் சூதாகும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அம்மூன்றாமவர் வேண்டியதில்லை என்று வாதிட்ட இப்னுல் கய்யிம் போன்றோரும், போட்டியாளரின் போர்ப்பயிற்சியைக் கருதியே அவ்வாறு கூறினர். வேடிக்கை பார்ப்போரின் பணப்பைக்காக அன்று.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அம்பெய்வதைவிடத் திறமை சார்ந்த போட்டி வேறெது? அதில்கூட இருபுறமும் பொருள் வைப்பதைப் பெரும்பாலோர் தடுத்தனர் என்றால், திறமை உண்டா இல்லையா என்பது அவர்களின் அளவுகோலன்று. ஒருவரின் ஆதாயம் மற்றவரின் இழப்பாகவே இருக்குமா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி.

அக்கேள்வியைப் பந்தயத் திடலில் கேட்டுப் பார்ப்போம். டோட் முறையில் எல்லோரும் கட்டிய பணம் ஒன்றாகத் திரட்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி வரிக்கும் செலவுக்கும் போக, எஞ்சியது வென்றவர்க்குப் பகிரப்படுகிறது. நூற்றுக்கு 20 கழிவதாக வைத்துக்கொள்வோம். சராசரி ஆட்டக்காரரின் 100 ரூபாய் முதற்பந்தயத்தில் 80 ஆகும்; அதையே மீண்டும் கட்டினால் 64 ஆகும்; மூன்றாம் முறை 51 ஆகும். இச்சரிவை மீறி ஒருவர் வெல்வாராயின், மற்றவர்கள் சராசரிக்கும் கீழே தள்ளப்பட்டிருக்க வேண்டும். ரேஸ் புத்தகத்தை நன்கு படித்தவர் வெல்லும் பணம், அதைப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து வந்ததே. அப்படியானால் அறிவு இச்செயலின் குற்றத்தைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா? பொருளின் குறையை அறிந்த வணிகன் அதை வாங்குவோனிடம் சொல்லியாக வேண்டும் என்பது நம் மார்க்க விதி. பந்தயத்திலோ அறிந்தவன் வாய் திறவாதிருப்பதே அவனுக்கு ஆதாயம்.

டிப்ஸ் விற்போரின் நிலை இதனால் விளங்கும். மெய்யாகவே வெல்லக்கூடிய குதிரையை ஒருவர் அறிவித்து, எல்லோரும் அதன்மீதே பணம் கட்டினால், கிடைக்கும் பங்கு சுருங்கிப் போகும். நல்ல குறிப்பு பரவிய அளவுக்குப் பயனற்றதாகிறது. சில ரூபாய்க்குக் கடைதோறும் விற்கப்படும் குறிப்பின் மதிப்பை நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

பந்தயத்தால் பலர் பிழைக்கின்றனர், அரசுக்கு வரி சேர்கிறது என்பர். அறியாமைக் காலத்து மைஸிரிலும் இந்நியாயம் இருந்தது. ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கினர். ஏழுக்குப் பங்குண்டு, மூன்றுக்கில்லை. வென்றோர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் புகழ் பெற்றனர். திருமறை அப்பயனை மறுக்கவில்லை. பாவமே பெரிதென்று தீர்த்தது. மதுவையும் சூதையும் அது சேர்த்தே பேசுகிறது. திருவள்ளுவரும் சூது என்னும் 94ஆம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கு அடுத்தே வைத்தார்.

கணித்து ஆடுவோனின் துயரம் இதனினும் ஆழமானது. குருட்டுத்தனமாகத் தோற்றவன் தன் விதியை நொந்து விலகிவிடக் கூடும். கணித்துத் தோற்றவனோ விலகுவதில்லை. சுமையைச் சரியாகக் கவனிக்கவில்லை, ஜாக்கி மாறியதை எண்ணவில்லை என்று தன் கணக்கில் பிழை காண்கிறான். அடுத்த வாரம் அதைத் திருத்த வருகிறான். ஒவ்வொரு தோல்வியும் அவனுக்கு ஒரு பாடமாகவே தோன்றுகிறது. அவனை விடுவிக்க வேண்டிய அறிவே அவனுக்கு விலங்காகிவிடுகிறது. வீட்டில் அரிசிப்பானையின் கணக்கை வேறொருவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்வி கொடுக்கக் குறையாது, பகிரப் பெருகும் என்று நாம் மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். பகிர்ந்தால் அழிந்து, மறைத்தால் மட்டுமே பலன் தந்து, பிறனுடைய அறியாமையை விளைநிலமாகக் கொள்ளும் ஒன்றை அந்த வரிசையில் வைக்க நம் மனம் ஒப்பவில்லை. குதிரையை அறிவோம், அதன் வேகத்தைக் கண்டு படைத்தவனைப் புகழ்வோம். நன்றாக ஓட்டியவனுக்குப் பரிசும் அளிப்போம். அவ்வறிவைப் பிறர் கைப்பொருளின்மீது ஏவாதிருப்போம்.