நாற்றமும் நீதியும்

உயிர்களை அறிவு வகையாற் பகுக்கும் தொல்காப்பியர், மூக்கினால் அறிவதனை மூன்றாம் அறிவாக வைப்பர். கண்ணும் செவியும் அதற்கு மேலான படிகளில் நிற்பன. எனினும், மனிதன் தன் விருப்பப்படி நிறுத்திவைக்க இயலாத புலன் மூக்கே. காண விரும்பாததைக் கண்டால் இமையை மூடலாம். கேட்க விரும்பாததற்குச் செவியைப் பொத்தலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்க முடியும்? தொழிற்சாலையொன்றின் அயலில் வாழ்பவன், கதவுகளைச் சாத்திய பின்னரும் அதனைத் தன் நெஞ்சுக்குள் ஏற்றுக்கொண்டே இருக்கிறான். அவன் எதிர்த்துக் குரலெழுப்பும்போது, பலருக்குச் சோறிடும் ஆலையைச் சிலரின் மூக்குக்காக மூடுவதா எனக் கேட்கப்படுகிறது. இது பொருளாதார வினா மட்டுமன்று, அறத்தின்பாற்பட்ட வினாவுமாகும். இதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எழும் தடை, நாற்றமென்பது அவரவர் மனப்பாங்கைப் பொறுத்தது என்பதாகும். இது இன்று நேற்றுத் தோன்றிய வாதமன்று. 1610 இல் இங்கிலாந்தில் அல்ட்ரெட் என்பவர், தம் வீட்டை அடுத்து அயலவர் கட்டிய பன்றிப்பட்டியின் துர்நாற்றத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். பன்றி வளர்த்தல் மக்களின் உணவுக்கு வேண்டிய தொழில் என்றும், அதனைப் பொறுக்கமாட்டாத மென்மையான மூக்கு ஒருவருக்கு இருத்தலாகாது என்றும் எதிர்த்தரப்பு வாதிட்டது. மன்று அதனை ஏற்கவில்லை. வீட்டிலிருந்து காணும் அழகிய காட்சி இன்பம் மாத்திரமே; அதனை இழந்தமைக்கு வழக்கில்லை. தூய காற்றோ வாழ்வுக்கு இன்றியமையாதது. அதனைக் கெடுத்தவர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆயினும் அத்தடையினுள்ளும் ஓர் உண்மை உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. எமது கரையோரச் சிற்றூர்களிலே கருவாடு காயும், பொச்சுமட்டை ஊறும். அவற்றின் மணத்துக்கு முகஞ்சுளிப்போர் பலர், உண்மையில் அத்தொழில்களைச் செய்யும் மனிதரைக் கண்டே முகஞ்சுளிக்கின்றனர். சாதியிழிவு எம் சமுதாயத்தில் மூக்கின் வழியாகவும் பேசியிருக்கிறது. எனவே, நாற்றம் பற்றிய முறைப்பாடுகள் யாவும் நியாயமானவை எனக் கொள்ளுதல் தகாது. ஜோன் ஸ்ருவாட் மில், 1859 இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தம் நூலில், ஒருவனது செயலைச் சமூகம் தடுப்பதற்குப் பிறர்க்கு விளையும் தீங்கே தக்க காரணமாகும் என்பர். வெறுப்பு மட்டும் காரணமாகாது. அருவருப்பு வேறு; தீங்கு வேறு. குழந்தையின் மூச்சைத் திணறச் செய்வதும், குடிக்கும் கிணற்றைக் குடிக்கவொண்ணாததாக்குவதும் தீங்கின்பாற்படும்.

தீங்கெனின், அதனை அறிபவர் யார்? இவ்விடத்திற் சுன்னாகம் எமக்குப் பாடமாக அமைகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறொன்றும் இல்லை. சுண்ணக்கற் பாறையினூடு இறங்கித் தேங்கும் மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். 2014 ஆம் ஆண்டளவில், அப்பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மணக்கின்றது என மக்கள் முறையிட்டனர். அனல் மின்னுற்பத்தியின் கழிவெண்ணெயே காரணம் என்பது அவர்தம் குற்றச்சாட்டு. வல்லுநரிடையே கருத்துகள் முரண்பட்டன. ஆனால், ஆய்வுகூடத்துக்குப் போத்தல் போகுமுன்னரே, விடியற்காலையில் வாளியை இழுத்தவள் அறிந்திருந்தாள். அவளது அறிவு முழுமையான அறிவன்று. எந்தப் பொருள் எவ்வளவு கலந்தது என அவளாற் கூற இயலாது. எனினும் ஏதோ கலந்துவிட்டது என்பதற்கு அவளே முதற்சாட்சி. விஞ்ஞானத்தின் கடமை அச்சாட்சியைச் சோதித்தலேயன்றி, அதன் வாயை அடைத்தலன்று. ஐயம் நிலவும் காலத்தில் அதன் பாரத்தை நீர் குடிப்பவன் சுமத்தல் ஆகாது. இலாபம் பெறுபவனே சுமத்தல் வேண்டும்.

தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியின்படி, மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டுமெனக் கட்டளையிடப்பட்டது. ஒருவர் பெறக்கூடிய உச்சத்தொகை 40,000 ரூபா. நீதி கிடைத்தது உண்மையே. ஆயின், தலைமுறைகள் அருந்திய கிணற்றின் விலை அதுதானா என்ற வினா எஞ்சவே செய்கின்றது.

இனி, பிழைப்புப் பற்றிய வாதத்தை நோக்குவோம். ஆலை மூடப்பட்டால் அடுப்பெரியாத வீடுகளும் உள. இவ்வச்சத்தை ஏளனஞ் செய்பவன் பசியை அறியாதவன். யப்பானின் மினமாட்டாவில், இரசாயன ஆலையொன்றின் கழிவுநீரிற் கலந்த பாதரசச் சேர்வை மீன்வழியாக மக்களின் உடலைச் சென்றடைந்தது. 1956 இல் வெளிப்பட்ட அந்நோயின் காரணத்தை அரசு ஏற்றுக்கொண்டது 1968 இலேயே. ஊரே ஆலையால் வாழ்ந்தமையால், நோயுற்றோரை ஊரவர் பலர் ஒதுக்கினர். ஆனால் அதே 1968 இல், ஆலைத் தொழிலாளரின் சங்கமொன்று, நோயாளருக்காக இதுவரை போராடாதிருந்தமை தமக்கு வெட்கம் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆலையின் சோற்றை உண்டவர்களே அவ்வாறு கூறினர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. தொழிலாளியும் அயலவனும் பகைவரல்லர். கழிவைத் தூய்மை செய்யும் செலவை மிச்சப்படுத்தியவனே இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறான்.

இறுதியாக, போராடுவோர் தம்மைநோக்கியும் வினவுதல் வேண்டும். எம் ஊரில் வேண்டாம் என்பது போராட்டத்தின் தொடக்கமாகலாம், முடிவாதல் கூடாது. கொழும்பின் குப்பை மீதொட்டமுல்லையில் மலையாகக் குவிந்தது. அங்கு வாழ்ந்த ஏழை மக்கள் பல்லாண்டுகளாக எதிர்த்தும் அது வளர்ந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, அது வீடுகளின்மீது சரிந்து 30 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நகரத்தார் முற்றங்கள் தூய்மையாகவே இருந்தன. நாற்றத்தை வறியவன் வாசலுக்கு நகர்த்துதல் தீர்வன்று. எமது தோட்டங்களிலே அளவின்றி இட்ட இரசாயன உரமும், நெருக்கமாக வெட்டிய மலக்குழிகளும் குடாநாட்டு நிலத்தடி நீரில் நைத்திரேற்றைச் சேர்த்துள்ளன. அதற்கு மணமில்லை, ஆதலால் எவரும் வீதிக்கு இறங்கவில்லை.

எனவே, சிலரின் மூக்குக்காக ஆலையை மூடுவதா என்ற வினாவே பிழையாக அமைந்தது. எவருடைய இலாபத்துக்காக எவர் மூச்சுவிடச் சிரமப்படுவது என்பதே நேரிய வினா. தன் வீட்டு வாசலிற் பொறுக்கமாட்டாத ஒன்றைப் பிறன் வாசலில் வைக்க எவனுக்கும் உரிமையில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொள்ளும் சமுதாயத்தில், ஆலையும் இயங்கலாம். அயலவனும் இரவிற் கதவைத் திறந்துவைத்து உறங்கலாம்.