ஒன்றாம் வகுப்பு டீச்சர்

அம்மாவைப் பெற்ற அம்மாயிக்கு இரண்டு கையெழுத்து இருந்தது. கரும்பலகையில் ஒன்று, அம்மாவுக்கு எழுதும் அஞ்சலட்டையில் இன்னொன்று.

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தபோது அவர் திருமயத்துக்குத் தெற்கே ஓர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் அச்சிட்டுக் காட்டிய வடிவங்கள் அப்போதுதான் பாடப்புத்தகத்துக்கு வந்தன. முன்னால் துதிக்கை தூக்கி நின்ற ணை, லை, ளை, னை நான்கும் இணைக்கொம்புக்கு மாறின. ணா, றா, னாவும் அவற்றின் ஒகர ஓகாரங்களும் சுழிப்பை விட்டுத் தனிக்கால் போட்டுக்கொண்டன. எண்ணினால் பதிமூன்று எழுத்து. படித்துப் பழகியவர்களுக்குச் சில நாள் கண்ணை உறுத்திவிட்டுப் போயிருக்கும். ஒண்ணாப்பு டீச்சருக்கு அப்படி இல்லை. பதினெட்டு வருஷம் பழகிய கை, பலகையைப் பார்க்காமலே ‘யானை’ என்று எழுதிவிடும். பிள்ளைகள் எதிரில் அது ஒருமுறைகூடப் பழைய பக்கம் திரும்பிவிடக் கூடாது.

அம்மா அப்போது ஒன்பதாவது படித்தார். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு, ஏனமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அம்மாயி ஒரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு னை, னை, னை என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்ததை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். முப்பத்தேழு வயது. ஒண்ணாப்புப் பிள்ளைக்கு என்ன வேலையோ, அதே வேலை.

அம்மா கல்யாணமாகித் திருச்சி வந்த பிறகு ஊரிலிருந்து அஞ்சலட்டை வரும். மேலே அம்மாவுக்கு எழுதியது முழுக்கப் பழைய எழுத்து. கீழே ஒரு கோடு கிழித்து எனக்கு இரண்டு வரி, அது புது எழுத்து. ஒரே அட்டை, ஒரே பேனா. லீவுக்குப் போனபோது கேட்டேன். “உங்கம்மா எங்கிட்டப் படிச்சப்ப அந்த எழுத்துத்தானப்பா. அவளுக்கு அதுல எழுதுறேன். நீ படிக்கிறது இதுல்ல?” என்றார். மேற்கொண்டு அதைப்பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை. எனக்குத்தான் இன்னும் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. எதிரில் இருப்பவர் எங்கே தொடங்கினாரோ அங்கே போய் நின்றுகொண்டு பேசுவது அவருக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது.

*

அவர் 1960-ல் வேலைக்குச் சேர்ந்தபோது புதுக்கோட்டை தனி மாவட்டம் இல்லை, திருச்சி ஜில்லா. 1974-ல்தான் பிரிந்தது. மாவட்டம் மாறியது, பள்ளிக்கூடங்கள் மாறின, வகுப்பு மட்டும் மாறவில்லை. கடைசிவரை ஒண்ணாப்பு. அதைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டிவிட்டு மூத்தவர்கள் மேல் வகுப்புக்குப் போவது பல பள்ளிகளில் நடப்பது. இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். “அஞ்சாப்புக்குச் சொல்லிக் குடுக்க நெறையப் பேரு இருக்காக” என்பார்.

விஜயதசமி அன்று தாம்பாளத்து நெல்லில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ போடுவார். அது சாமிக்கும் பெற்றவர்களுக்கும். வகுப்பில் அவர் தொடங்குவது ‘ட’. சின்னக் கைக்கு ‘அ’ போல் கஷ்டமான எழுத்து வேறில்லை, எத்தனை வளைவு! ‘ட’வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. அதையே மேலே தூக்கினால் ‘ப’. பிறகு ‘ம’. இந்த மூன்றும் வந்துவிட்டால் படம், பட்டம், மடம் என்று பிள்ளை தானாக வாசிக்கும். முதல் வாரத்திலேயே ஒரு பிள்ளை எதையாவது வாசித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

பின்னால் உட்கார்ந்து, குச்சி பிடித்த கைமேல் தன் கையை வைப்பார். முதல்நாள் முழுக் கையும் அவருடையது. மறுநாள் கொஞ்சம் லேசாகும். அதற்கடுத்த நாள் அவருடைய விரல்கள் பிள்ளையின் மணிக்கட்டில் தொட்டும் தொடாமலும் இருக்கும். எந்த நாளில் அவர் கையை எடுத்தார் என்று பிள்ளைக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. கோடை லீவில் திண்ணையில் உட்காரவைத்து எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

சனிக்கிழமைகளில் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்து அரைத்துப் பலகைக்குப் பூசுவார். திங்கட்கிழமை வரைக்கும் நகக்கண்ணில் கறுப்பு இருக்கும்.

*

அப்போதெல்லாம் பள்ளியில் சேர்க்க வரும் பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தாலும் கிராமத்தில் அது பழக்கத்துக்கு வர இன்னும் பல வருஷம் ஆனது. ஆகவே பிள்ளைக்குப் பிறந்த தேதி போடுவது டீச்சர் வேலை. ஜூன் மாதத்தில் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால் ஊரில் ஏகப்பட்ட பேர் ஏப்ரல், மே மாதங்களில் ‘பிறந்தவர்கள்’.

அம்மாயி கண்ணை மூடிக்கொண்டு தேதி போடமாட்டார். கண்மாய் உடைஞ்ச வருசமா, அதுக்கு முந்தியா? பொங்கலுக்கு வயித்துலயா இருந்துச்சு, கையிலயா? இப்படிக் கேட்டுக் கேட்டு மாதத்தைப் பிடிப்பார். முடிந்தவரை உண்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். தன் பிள்ளை பிறந்த நாளை அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போதுதான் பல தாய்மார்கள் முதன்முதலாக முழுசாக நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தத் தேதிகள் பிறகு பத்தாவது சான்றிதழுக்குப் போயின, ரேஷன் கார்டுக்குப் போயின, சிங்கப்பூர் போகிறவர்களின் பாஸ்போர்ட்டுக்கும் போயின.

*

காமராசர் 1956-ல் தொடங்கிய மதிய உணவும், அறுபதுகளில் வந்த கேர் அமைப்பின் பால் பவுடரும் கோதுமையும் அவர் வாயால் கேட்டவை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே உணவைச் சாப்பிட்டிருக்கிறார். தட்டில் பாதியை மூடி வைக்கும் பிள்ளையை அவர் கண் தனியாகப் பார்க்கும். வீட்டில் தம்பியோ தங்கச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். “கூட்டிட்டு வா” என்பார். இடுப்புக் குழந்தைகள் ஒண்ணாப்பில் உட்கார்ந்திருந்தன. 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, இரண்டு வயதிலிருந்தே சோறு என்று வந்தபோது, அவருக்கு இருந்த ஆறுதலை அம்மா இப்போதும் சொல்வார்.

*

அம்மாவிடமிருந்து இதைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

1970-ல் அம்மா ஒண்ணாப்பு. தன் அம்மாவின் வகுப்பிலேயே உட்கார வேண்டும், ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிட வேண்டும். விடிகாலையில் அவசர அவசரமாகப் பின்னிய சடையோடு அம்மா உட்கார்ந்திருப்பார். எண்ணெய் காணாத தலையோடு வரும் பிள்ளைகளை டீச்சர் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் பேன்சீப்பு போட்டு, நிதானமாக வகிடெடுத்து, வாழைநாரால் முடிந்து விடுவார். அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். “எனக்கு அம்மா கெடச்சது லீவுலதான்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. மாமாவையும் அம்மாவையும் குளிப்பாட்டி, சோறூட்டி, அம்மை போட்டால் வேப்பிலையோடு பக்கத்திலேயே கிடந்து வளர்த்தது அம்மாயியின் மாமியார். கைநாட்டு. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. டீச்சரின் அர்ப்பணிப்பு என்று ஊர் கொண்டாடுவதில் பாதி அந்தக் கிழவியின் உழைப்பு. ஆசிரியரைப் பாராட்டும் மேடைகளில் இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. அம்மாயி சொல்வார். சம்பளம் வாங்கிய அன்று பணத்தை முதலில் மாமியார் கையில்தான் கொடுப்பார், அந்த அம்மா சாகும்வரை.

*

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். ஊர் ஊராகப் பெண்கள் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கியவர்கள் உண்டு. அம்மாயிக்கு அப்போது ஐம்பது வயது. பகலில் பள்ளிக்கூடம், ராத்திரியில் சாவடியில் அறிவொளி வகுப்பு.

கல் உடைத்துக் காய்த்துப்போன கைகள். அவற்றைப் பின்னாலிருந்து பிடித்து எழுதவைக்க முடியாது, வளர்ந்த பெண்கள் கூச்சப்படுவார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. இங்கே ‘ட’வில் தொடங்கவில்லை. அவரவர் பெயரில் தொடங்கினார், அதுவும் பெயரில் எளிதான எழுத்து எதுவோ அதிலிருந்து. கையெழுத்துப் போட வந்துவிட்டால் அடுத்த நாள் கட்டாயம் வருவார்கள்.

ஒருநாள் ராத்திரி ஒரு பெண் வாசல் பக்கமாக வந்து தூணோரம் உட்கார்ந்தார். அறுபதுகளின் கடைசியில் ஒண்ணாப்பில் இருந்தவர், சேர்ந்த சில நாளிலேயே ஆடு மேய்க்க நின்றுபோனவர். அம்மாயி அப்போது இரண்டு மூன்று தரம் அந்த வீட்டுக்கு நடந்து பார்த்திருக்கிறார், அனுப்பவில்லை. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பெண் வந்து உட்கார்ந்தபோது, எங்கே போனாய், ஏன் வரவில்லை என்று எதுவும் கேட்கவில்லை. “வாடி. ‘ம’ வரைக்கும் வந்துட்ட, அதுக்கு மேல பாப்பம்” என்றாராம். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நின்றுபோனது என்பது அவருக்கு நினைவிருந்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னது அந்தப் பெண்ணேதான், துக்கம் கேட்க வந்த இடத்தில்.

*

அம்மாயிக்கும் தேதி போட்டது ஒரு வாத்தியார்தான். 1946-ல் பள்ளியில் சேர்த்தபோது காதைத் தொட்டுவிட்டார், கை நீளம். பெற்ற தாய் கணக்கில் விஷு வருஷம் ஆவணி. வாத்தியார் எழுதியது மே 1941. மூன்று மாதம்தான் வித்தியாசம். ஆனால் மே மாதத் தேதியால் 1999 மே கடைசியில் பணி ஓய்வு. ஆவணிக் கணக்குப்படி இருந்திருந்தால் இடையில் ஓய்வு வந்தாலும் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைத்திருக்கும். இன்னொரு ஒண்ணாப்பு. அந்த ஜூனில் பள்ளி திறந்த அன்று அவர் சேலை கட்டி, குடையெடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் வரை நடந்துபோய் வெளியே நின்று சேர்க்கையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் போன அன்று கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்க, ‘தோற்றம்’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று கடையிலிருந்து போன் வந்தது. மாமா ஆவணியைச் சொன்னார், அதுதானே நிஜம் என்றார். அம்மா அழுதுகொண்டே போனை வாங்கி மே மாதத் தேதியைச் சொன்னார். “வாத்தியார் போட்ட தேதி. அதையே போடுங்க தம்பி.”