சமவாழ்வே நல்வாழ்வு



திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்ற நம் இல்லங்களில் பகவான் புத்தரின் திருவுருவம் விளங்குகின்றது. அவ்வுருவின் அருகிலேயே கடன் தவணைச் சீட்டும் கிடக்கின்றது. மணவிழாவாயினும், பிள்ளையின் பெயர்சூட்டு விழாவாயினும், அண்டை வீட்டாரினும் ஒரு படி மிகுதியாகச் செய்தாக வேண்டும் என்னும் எண்ணம் நம்மைப் பற்றிக்கொண்டுள்ளது. ஒரு நாள் விருந்துக்கு வாங்கிய கடனைப் பல ஆண்டுகள் அடைக்கின்றோம். விளக்கணைந்த பின்னும் கணவனும் மனைவியும் வட்டிக் கணக்கையே பேசிக்கொண்டிருக்கும் இல்லத்தில் மகிழ்ச்சிக்கு இடமேது?

ஆதலின், வாழ்வை எளிமையாக்கிக் கொள்வோம் என்று கூறப் புகுகின்றோம். அங்ஙனம் கூறியவுடன் நம்முள் சிலர், "உண்ணவும் உடுக்கவும் வழியின்றிக் கிடந்த குலம் இது. இப்பொழுதுதான் நான்கு காசு கையில் புரளுகின்றது. அதற்குள் எங்களுக்கா எளிமையைப் போதிக்கின்றீர்கள்?" என்று வினவுவர். இவ்வினா நியாயமானது. இதற்கு விடை கூறாமல் மேலே செல்லுதல் முறையன்று.

1930ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிட மக்கள்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் நகையும் வெள்ளி நகையும் பூணலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழே ஆடை உடுத்தலாகாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பன அவற்றுட் சில. பிறர் திணித்த இல்லாமைக்கு எளிமை என்று பெயரிடுவது பொய். அது அடிமைத்தனம். அதனைப் பகவான் எவருக்கும் போதித்தாரில்லை.

அவர் போதித்தது யாது? கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் தீகஜாணு என்னும் இல்லறத்தான் அவரை அணுகினான். தான் மனைவி மக்களோடு வாழ்பவன் என்றும், காசி நாட்டுச் சந்தனமும் மாலையும் அணிபவன் என்றும், பொன்னும் வெள்ளியும் கையாள்பவன் என்றும் ஒளியாது உரைத்தான். தன்னைப் போன்றோர் இம்மையிலும் மறுமையிலும் நலமுற வழி கேட்டான். பகவான் அவனிடம் சந்தனத்தை அழி என்றாரில்லை. பொன்னை எறி என்றாரில்லை. இம்மை நலத்திற்கு முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, சமவாழ்வு ஆகிய நான்கையும் அருளினார். இச்செய்தி அங்குத்தர நிகாயத்தில் உள்ளது.

சமவாழ்வாவது வரவறிந்து செலவிடுதல். தராசு பிடிப்பவன் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று அறிவதுபோல இல்லறத்தானும் தன் வரவையும் செலவையும் அறிதல் வேண்டும். சிறுவருவாயில் பெருவாழ்வு வாழ்பவன், அத்திப்பழம் சில உண்பதற்காக மரத்தையே உலுக்கிக் கனிகளையெல்லாம் கொட்டுபவனுக்கு ஒப்பாவான். பெருஞ்செல்வம் பெற்றும் உண்ணாது உடுக்காது மடிபவனும் பிழை செய்தவனே. மிகையும் அன்று, வறுமையும் அன்று. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே நம் எளிமை.

சிகாலன் என்னும் இளைஞனுக்கு இராசகிருகத்தில் உரைத்த அறவுரையில், வருவாயை நான்கு கூறாக்கும் முறை கூறப்பட்டுள்ளது. ஒரு கூறு துய்ப்பதற்கு. இரு கூறு தொழிலுக்கு. ஒரு கூறு இடர்வந்த காலத்திற்கு. கூலியும் சம்பளமும் பெறும் நமக்குப் பிள்ளைகளின் கல்வியே தொழில் முதல் எனக் கொள்ளலாம். விழாவின் ஆரவாரத்திற்கு அப்பிள்ளையின் கூற்றை எடுத்துச் செலவிடுதல் தகுமோ?

அணிகலனைக் களைதலும் மானத்தின் செயலாகக்கூடும். 1927ஆம் ஆண்டு டிசம்பரில் மகாத் நகரில் திரண்ட மகளிரிடம், தீண்டாமையின் அடையாளமாக இருந்த கனத்த நகைகளை நீக்குமாறும், சேலையை மற்ற மகளிர்போல் நன்கு உடுத்துமாறும் டாக்டர் அம்பேத்கர் அறிவுறுத்தினார். வேண்டாததை நீக்குதல், வேண்டியதை உரிமையோடு கொள்ளுதல் ஆகிய இரண்டையும் அவர் ஒருங்கே கற்பித்தார். அவ்விரண்டும் சேர்ந்ததே பௌத்தரின் எளிமை.

இதன் பயன் மகிழ்ச்சி. இல்லறத்தார்க்குரிய இன்பங்கள் நான்கு என அநாதபிண்டிகருக்குப் பகவான் உரைத்தார். அறவழியில் ஈட்டிய பொருள் உண்டு என்னும் இன்பம், அதனைத் துய்த்தும் ஈந்தும் பெறும் இன்பம், கடனில்லை என்னும் இன்பம், குற்றமற்ற வாழ்வின் இன்பம் என்பன அவை. கடனின்மையையே ஓர் இன்பமாக எண்ணிக் காட்டிய ஆசானின் கருணையை நினைந்து பாருங்கள்! வட்டிக்காரன் குரலுக்கு அஞ்சிக் கதவடைத்தோர் இவ்வின்பத்தின் அருமையை அறிவர்.

ஆதலின் பௌர்ணமிதோறும் உபோசதம் காக்கும்பொழுது, அம்மாதத்து வரவு செலவையும் கணவனும் மனைவியும் கூடியமர்ந்து எழுதிப் பார்ப்போமாக. ஒரு பொருளை வாங்குமுன், இது நம் தேவைக்கோ, பிறர் பார்வைக்கோ என்று ஒருமுறை வினவுவோமாக. திருமணத்தைப் பகவான் திருவுருவின் முன் பஞ்சசீலம் ஓதி, மாலை மாற்றி, வந்தோர்க்கு வயிறார எளிய உணவளித்து நிறைவேற்றுவோமாக. அங்ஙனம் செய்வோரைக் கஞ்சர் என்று இகழாது, முன்னின்று வாழ்த்துவோமாக. ஏனெனில் நம் இகழ்ச்சிக்கு அஞ்சியே பலர் கடன்படுகின்றனர். உற்றார் ஒருவரை அவ்வச்சத்தினின்று விடுவித்தல் அபயதானமாகும்.

முன்னோர்க்குப் பிறர் இட்ட விலங்கு ஒருவாறு தளர்ந்தது. நமக்கு நாமே பூட்டிக்கொண்ட விலங்கை நாமே கழற்றுவோம்.

நமோ புத்தாய!